குதிரைக்காரன் குழியும் அப்பாவின் கோட்டும்

கிரவீன், சிட்னி
9 மார்ச் 2025

ஜெசிந்தாவுக்கு,

உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். ஃபோனில் பேசினால் கத்துவேன், பக்கத்து அறையில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் மெயில். தமிழில் எழுதுகிறேன். இங்கிலீஷில் திட்டினால் உனக்கும் உறைக்காது, எனக்கும் ஆறாது.

மியூசியத்தில் நீ பேசிய வீடியோவைப் பார்த்தேன். பார்ப்பதற்கு முன்பே அதை அன்பியத்தின் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டேன். மாதம் ஒரு வீடு என்று கூடி ஜெபமாலை சொல்கிற அத்தனை குடும்பமும் அதில் இருக்கிறது. ‘என் தங்கச்சி, டாக்டர் ஜெசிந்தா, மெல்பர்ன். எல்லாரும் பாருங்க, லைக் போடுங்க’ என்று எழுதி, கை கூப்பிய பொம்மை வேறு. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் என்ன என்று அன்றைக்குத் தெரிந்தது.

வென்ட்வேர்த்வில்லில் ரயில் ஏறி, உட்கார இடம் கிடைத்ததும் இயர்ஃபோனை மாட்டினேன். ஆரம்பத்தில் பெருமையாகத்தான் இருந்தது. லிதுவேனியாவில் ஆயிரம் வருடப் பழைய கல்லறைகள். கடிவாளம் போட்ட குதிரையோடு புதைத்த ஆள். கழுத்து நிறைய வெண்கல வளையங்களோடு ஒரு பெண். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரனைத் தட்டி ‘என் தங்கச்சி’ என்று சொல்லலாமா என்றுகூட இருந்தது. யார் உசத்தி, யார் தாழ்த்தி என்று குழியை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று நீ பாடம் நடத்திக்கொண்டே வந்தாய். அப்புறம் ‘இனி நம் காலத்துக் குழி ஒன்று’ என்று சொல்லி, திரையில் அப்பாவைப் போட்டாய்.

நம் அப்பா. பெட்டிக்குள். கோட்டு சூட்டோடு.

முகத்தை மங்கலாக்கிவிட்டாயாம். ரொம்ப நன்றி. அந்தக் கோட்டையும் பாக்கெட்டில் இருந்த தங்க நிறப் பேனாவையும் அடக்கத்துக்கு வந்த கிரவீன்காரர்களில் யாருக்குத் தெரியாது? ‘இவர் தமிழ்நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் அட்டெண்டர். மணி அடிப்பது, தபால் கொண்டுபோவது இவர் வேலை. சிட்னியில் இவரைத் தலைமை ஆசிரியராகப் புதைத்தார்கள்’ என்றாய். கூட்டம் சிரித்தது, ஜெசி. இயர்ஃபோனில் தெளிவாகக் கேட்டது. நான் பாரமட்டாவில் இறங்க வேண்டியவன், இறங்காமல் சிட்டி வரைக்கும் போய்விட்டேன்.

குரூப்பில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. லைக்கும் போடவில்லை. போன ஞாயிறு பூசை முடிந்து டீ குடிக்கும் இடத்தில் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். ப்ரீத்தி இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்யாணத்தின்போது அவளிடமும் ஹெட்மாஸ்டர் என்றுதான் சொல்லியிருந்தேன் என்று உனக்குத் தெரியுமே.

ஜூலை 13-ஆம் தேதி வருடத் திருப்பலி. அன்றைக்கே கல்லறையில் கல்லை மந்திரிக்கச் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். நீ வர வேண்டாம்.

கிளமெண்ட்

*

கிளேட்டன், மெல்பர்ன்
16 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன்னிடம் கேட்காமல் அந்தப் படத்தைக் காட்டியது தப்பு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கூட்டம் சிரித்தபோது எனக்கே அது தெரிந்தது. ஆனாலும் அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். அதுவும் தப்பு.

ஆனால் அப்பாவைக் கேலி செய்ய அதைக் காட்டவில்லை, அண்ணே. என் தொழிலில் முதலில் கற்றுக்கொடுப்பது ஒன்றுதான்: செத்தவர் தன்னைத் தானே புதைத்துக்கொள்வதில்லை. அந்தக் குதிரைக்காரன் உயிரோடு இருந்தபோது பெரிய ஆளா என்று குழி நேராகச் சொல்லாது. அவனைப் பெரிய ஆளாகக் காட்ட அவன் வீட்டாருக்கு ஒரு தேவை இருந்தது என்பதை மட்டும் சொல்லும். அதே இடுகாட்டில் ஒரு சின்னப் பிள்ளையின் குழியில், அந்தப் பிள்ளையால் தூக்கவே முடியாத ஈட்டி கிடந்தது. அது யாருக்காக? சுற்றி நின்று பார்த்தவர்களுக்காக. பத்தடி தள்ளி, வெறும் ஒரு கத்தியோடு புதைத்தவர்களும் கிடக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் மியூசியத்தில் பேசுவதில்லை. அப்பா அந்தக் கத்திக்காரர்களின் ஆள். அதில் எனக்கு வெட்கம் இல்லை. உனக்கு இருந்தது. அதைத்தான் சொன்னேன்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், எட்டு மாதமாகக் கேட்காமல் வைத்திருக்கிறேன்.

குதிரைக்காரனின் காலடியில் மரப்பட்டையில் செய்த ஒரு சிமிழ் இருந்தது. உள்ளே துணியில் சுற்றிய பெண்ணின் நகைகள். ஆணின் குழியில் பெண்ணின் நகை! அந்தப் பக்கத்துக் கல்லறைகள் சிலவற்றில் அப்படி உண்டு. மனைவியோ மகளோ தன் கையால் வைத்த கடைசிக் காணிக்கை என்று பேச்சில் சொன்னேன், அறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். எனக்கு அது கிடைக்கவில்லை. நான் விமான நிலையத்திலிருந்து நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடி வந்தபோது பெட்டியை மூடியிருந்தீர்கள். ப்ரீத்தி அண்ணி அனுப்பிய படத்தில்தான் அப்பாவின் கையைப் பார்த்தேன். விரல்களில் ஒரு வெள்ளி ஜெபமாலை.

லிதுவேனியாவிலிருந்து அப்பாவுக்கு நான் வாங்கிவந்த, கல்லாய் இறுகிய மரப்பிசினில் செய்த அம்பர் ஜெபமாலை எங்கே போனது? தேன் நிறம் என்று சொல்லி, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாரே. கோட்டுக்கு எடுப்பாக வெள்ளி வேண்டும் என்று மாற்றிவிட்டாயா? அவருக்கு மகள் உண்டு என்று காட்ட அந்தப் பெட்டியில் ஒரு பொருள்கூட இல்லை, அண்ணே. அந்தக் கோபத்தில்தான் அந்தப் படத்தைப் பேச்சில் சேர்த்தேன். ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டேன்.

ஜூலையில் நான் வரக்கூடாதா? யோசித்துச் சொல்.

ஜெசி

*

கிரவீன்
23 மார்ச் 2025

ஜெசி,

நன்றாக எழுதுகிறாய். மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆரம்பித்து, கடைசியில் என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டாய். சின்ன வயதில் டம்ளரை உடைத்துவிட்டு, ‘அண்ணந்தான் ஓரத்துல வச்சான்’ என்று அம்மாவிடம் சொன்னவள்தானே.

ஹெட்மாஸ்டர் கதை என்னால் வந்தது என்று முடிவே செய்துவிட்டாய். அம்மா இறந்து, அப்பா இங்கே வந்த புதிதில், பூசை முடிந்து எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்துகிற பிரஷாந்தன், யாழ்ப்பாணத்துப் பையன், அப்பாவிடம் வந்து, “அங்கிள் ஊரில என்ன வேலை செய்தனீங்கள்?” என்று கேட்டான். அப்பா, “முப்பது வருஷம் ஸ்கூல்லதான் தம்பி கெடந்தேன்” என்றார். அவன், “ஹெட்மாஸ்டரோ?” என்றான். அப்பா சிரித்தார். அவ்வளவுதான். அடுத்த வாரமே தமிழ்ப் பள்ளிக்குக் கூப்பிட்டுப் போய்விட்டான். பிள்ளைகள் எல்லாம் ‘எச்செம் தாத்தா’. அங்கே ஒரு கைமணி இருந்தது. அதை வேறு யாரையும் தொட விடமாட்டார். வகுப்பு முடிய அவரே அடிப்பார். ‘ஹெட்மாஸ்டரா இருந்துட்டு எவ்வளவு எளிமை பாருங்க’ என்று பெற்றோர்கள் உருகினார்கள். அப்பா சந்தோஷமாக இருந்தார். அதைக் கெடுக்கச் சொல்கிறாயா?

கோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கித் தந்தது. உயிரோடு இருந்தவரை ஒரு தடவைகூடப் போடவில்லை. “செத்தா போட்டு விடுங்கடா, அப்ப கசகசன்னு இருக்காது” என்று சிரிப்பார். போட்டுவிட்டேன்.

இப்போது நான் கேட்கிறேன். உன் வீடியோவை இன்னொரு முறை பார்த்தேன், நிறுத்தி நிறுத்தி. அந்தச் சிமிழைக் குழியிலிருந்து தூக்குகிற படம். நீ முட்டி போட்டுக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக இருக்கிறாய். பக்கத்தில் தேதி எழுதிய ஒரு சின்னப் பலகை. ஜூலை 12, 2024.

பத்தாம் தேதி நான் ஃபோன் செய்தேன். டாக்டர் கைவிரித்துவிட்டார், உடனே கிளம்பு என்றேன். நீ என்ன சொன்னாய்? ‘ஃபிளைட்டே இல்லண்ணே, பதினஞ்சுக்குத்தான் கெடைக்குது, நான் ஏர்போர்ட்லயே உக்காந்திருக்கேன்.’

எந்த ஏர்போர்ட்டில் குழி தோண்டிக்கொண்டிருந்தாய், ஜெசி?

அப்பா பதின்மூன்றாம் தேதி போனார்.

கிளமெண்ட்

*

கிளேட்டன்
20 ஏப்ரல் 2025, ஈஸ்டர் ஞாயிறு

அண்ணே,

உன் மெயில் வந்து நாலு வாரம் ஆகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் இல்லை. பயம்தான்.

பத்தாம் தேதி ஃபிளைட் இருந்தது. பக்கத்து நாட்டு ரீகாவுக்குப் போய் அங்கிருந்து துபாய் வழியாக வந்திருக்கலாம். டிக்கெட் பக்கத்தைத் திறந்தும் வைத்திருந்தேன். நீ கூப்பிட்ட அன்று காலையில்தான் அந்தச் சிமிழின் மூடி மண்ணுக்குள் கறுப்பாகத் தெரிய ஆரம்பித்தது. காற்றுப் பட்டால் மரப்பட்டை சுருங்கி உதிர்ந்துவிடும். மண்ணோடு சேர்த்துக் கட்டித் தூக்க வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் அங்கே இரண்டு பேர்தான், நானும் ஒரு கிழவரும். அவருக்குக் கை நடுங்கும். ‘அப்பா போன தடவையும் இப்படித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார், எழுந்து வந்துவிட்டார்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பித்தான் சொன்னேனா என்று என்னைக் கேட்காதே.

அந்தப் படத்தில் சிரிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். ஆமாம். சிமிழ் உடையாமல் வந்துவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். அந்த நேரத்தில் நான் அப்பாவை நினைக்கவே இல்லை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லிப் பயனில்லை.

மறுநாள் உன் மெசேஜ் வந்தபோது அந்தச் சிமிழின் பக்கத்தில்தான் இருந்தேன். யாரோ ஒருத்தனுக்கு அவன் மகள் வைத்ததைக் காப்பாற்ற, என் அப்பாவை விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் படத்தைப் போட்டுப் பேசுகிறேன், கை தட்டுகிறார்கள், வீட்டுக்கு வந்தால் சோறு இறங்குவதில்லை. உன் மேல் கோபப்பட்டால் கொஞ்சம் இலேசாக இருந்தது. கோட்டைப் பார்த்துக் கோபம், பேனாவைப் பார்த்துக் கோபம், வெள்ளி ஜெபமாலையைப் பார்த்துக் கோபம். கல்லறையை ஜோடித்தவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று மேடையில் நின்று சொன்னேன். மறைத்தவள் நான்.

மியூசியத்துக்கு எழுதி வீடியோவை நீக்கச் சொல்லிவிட்டேன். நீக்கிவிட்டார்கள். பார்த்தவர்கள் பார்த்ததுதான், தெரியும்.

அப்பா என்னைக் கேட்டாரா? பதில் சொல்ல வேண்டும் என்று இல்லை.

ஜெசி

*

கிரவீன்
4 மே 2025

ஜெசி,

கேட்டார்.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். உன் மெயிலைப் படித்தபோது முதலில் எனக்கு நல்ல திருப்தி வந்தது. ‘அனுபவிக்கட்டும்’ என்று நினைத்தேன். அந்தத் திருப்தி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

பதினொன்றாம் தேதியிலிருந்து அவருக்குப் பேச்சு குழறிவிட்டது. ஆனால் கதவு திறக்கும்போதெல்லாம் பார்ப்பார். நர்ஸ் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். “ஜெசி எங்கப்பா?” என்று ஒரு தடவை தெளிவாகவே கேட்டார். நான், “ஃபிளைட்ல வந்துக்கிட்டிருக்காப்பா” என்றேன். அப்போது நீ சொன்னதை நம்பிக்கொண்டிருந்தேன், ஆனால் நீ பதினைந்தாம் தேதிதான் ஏறுவாய் என்றும் தெரியும். பொய்தான். அடுத்த நாள், “எறங்கிட்டாளா?” என்றார். “சிங்கப்பூர் தாண்டிட்டாப்பா” என்றேன். அடுக்கிக்கொண்டே போனேன். கடைசி நாள் காலையில் ஜாடையாகத் தாடையைத் தடவிக் காட்டினார். சவரம் செய்துவிடச் சொன்னார். நீ வரும்போது முகம் சுத்தமாக இருக்க வேண்டுமாம். செய்துவிட்டேன்.

நம் வீட்டில் பொய் சொல்ல ஆரம்பித்தவன் நான்தான். பிரஷாந்தன் கேட்டபோது அப்பா சிரித்தார் என்று எழுதினேன் இல்லையா, அது பாதிக் கதை. நானும் பக்கத்தில் டீயோடு நின்றேன். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அப்பா, “தப்பாயிருச்சோப்பா? அடுத்த வாரம் அந்தப் புள்ளகிட்ட சொல்லிரட்டுமா, நான் அட்டெண்டர்னு?” என்று கேட்டார். “விடுங்கப்பா, ப்ரீத்திக்கு வேற மாதிரி சொல்லி வச்சிருக்கேன்” என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். ஹெட்மாஸ்டர் வேஷம் அவர் ஆசைப்பட்டுப் போட்டது இல்லை, ஜெசி. எனக்காகப் போட்டார். அந்த வேஷத்தோடேயே அவரைப் புதைத்துவிட்டேன். நீ மேடையில் சொன்னது சரி. சொன்ன இடம்தான் சரியில்லை.

ப்ரீத்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “மாமா மணி அடிச்சாருன்னு சொன்னா நான் உங்கள கட்டியிருக்க மாட்டேன்னு நெனச்சீங்களா?” என்று கேட்டாள்.

கல் செய்கிறவர் மாதக் கடைசிக்குள் எழுத்து கேட்கிறார். ‘ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்’ என்றுதான் முதலில் கொடுத்திருந்தேன். வெட்டுவதை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். என்ன போடுவது?

ஜூலையைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் அந்தச் சவரம் செய்த முகம்தான் ஞாபகம் வரும்.

கிளமெண்ட்

*

கிளேட்டன்
11 மே 2025

அண்ணே,

உன் மெயிலை ஆபீஸில் வைத்துத்தான் படித்தேன். தாடையைத் தடவிக் காட்டினார் என்ற இடம் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். பூங்காவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆள் நாயைக் கூட்டிக்கொண்டு வந்து “ஆர் யூ ஓகே?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

கல்லில் தலைமை ஆசிரியர் என்றே போட்டுவிடு. நான் மனதாரத்தான் சொல்கிறேன். யார் பக்கத்தில் இருந்தார்களோ, யார் சவரம் செய்துவிட்டார்களோ, அவர்களுக்குத்தான் அந்தக் கல்லில் எழுத உரிமை. அப்பா உனக்காகப் போட்ட வேஷம் என்றால் அதுவும் அவர் செய்த வேலைதானே. நான் தூரத்தில் இருந்து பார்த்து, எடை போட்டு, கூட்டத்துக்குச் சொன்னவள். எனக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

ஜூலைக்கு வரமாட்டேன். நீ சொல்ல முடியாமல் தவிப்பது தெரிகிறது. அந்த அவஸ்தை உனக்கு வேண்டாம். இங்கேயே ஒரு பூசைக்குக் கொடுத்துவிடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த அம்பர் ஜெபமாலை வீட்டில் எங்காவது டிராயரில் கிடந்தால் எனக்கு அனுப்பிவைப்பாயா? பெட்டியில் வைக்கவில்லை என்று இப்போது எனக்குக் கோபம் இல்லை, சத்தியமாக. அப்பா தொட்டது என்று என்னிடம் ஒன்றும் இல்லை, அதனால்தான் கேட்கிறேன். பிள்ளைகள் விளையாடித் தொலைத்திருந்தாலும் பரவாயில்லை. திட்டாதே அவர்களை.

ஜெசி

*

கிரவீன்
25 மே 2025

ஜெசி,

அனுப்ப முடியாது. அது வீட்டில் இல்லை.

ஆஸ்பத்திரியில் அப்பா கையில் அதுதான் இருந்தது. வேறு எதையும் தொடவில்லை. நர்ஸ் ஊசிக்காகக் கையை விரிக்கச் சொன்னால் அதை மற்றக் கைக்கு மாற்றிக்கொள்வார். அதைப் பிடித்துக்கொண்டேதான் போனார். விரலைப் பிரித்து நான்தான் எடுத்தேன். அன்றிலிருந்து அடக்கம் வரைக்கும் என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அவர் கையில் திரும்பச் சுற்றிவிட வேண்டும் என்றுதான் கொண்டுபோனேன். நான் போவதற்குள் அன்பியத்துக்காரர்கள் வேளாங்கண்ணியில் மந்திரித்த வெள்ளி ஜெபமாலையைச் சுற்றி, ஜெபமும் ஆரம்பித்துவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் அதைக் கழற்று என்று எப்படிச் சொல்வது? நீ சொல்வாய். எனக்கு வராது.

எல்லாரும் அப்பாவின் நெற்றியில் முத்தி செய்துவிட்டு வெளியே போனார்கள். மூடுவதற்கு முன், “ஏதாவது வைக்கணுமா?” என்று அடக்கம் செய்கிறவர் கேட்டார். உன் ஃபிளைட் அப்போதுதான் இறங்கியிருந்தது. கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்னேன், கல்லறையில் அடுத்த அடக்கத்துக்கு நேரம் ஆகிறது என்றார். அம்பரை எடுத்து, கோட்டின் உள்பாக்கெட்டில், இடது பக்கம் வைத்தேன். “ஜெசி வச்சதுப்பா” என்று அவர் காதில் சொன்னேன். நீ வரவில்லையே, யாராவது வைக்க வேண்டுமே.

ஃபோட்டோவில் உள்பாக்கெட் தெரியாது.

பத்து மாதமாக இதை நான் சொல்லவில்லை. மறந்துபோய் இல்லை. மார்ச்சில் நீ அதைக் கேட்டபோது, ஒரு வரி எழுதியிருந்தால் போதும். வேண்டுமென்றே எழுதவில்லை. சொன்னால் உனக்கு ஆறுதலாகிவிடும் என்று விட்டுவிட்டேன். அப்பாவை ஏமாற்றியதும், ப்ரீத்தியை ஏமாற்றியதும் ஒரு பயத்தில் செய்தது. இதைக் குரூரத்தில் செய்தேன். உன்னை வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று இப்போது தெரியவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுத் தனேஸ்வரி அன்ரி வேலிப் பக்கம் வந்து நின்றார். ஊரில் டீச்சராக இருந்தவர், பேரப்பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறவர். “தம்பி, அந்த வீடியோ நான் அப்பவே பாத்தனான். உங்கட முகத்தைப் பாத்திட்டுப் பேசாம இருந்தனான்” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். “அவர் ஹெட்மாஸ்டர் இல்லை எண்டு எனக்கு முதல் கிழமையே தெரியும். ஹெட்மாஸ்டர்மார் மணி அடிச்சா எங்களுக்குக் காது வெடிக்கும். இவர் அடிச்சா பிள்ளையள் சிரிச்சுக்கொண்டு எழும்புங்கள். அது வேலை தெரிஞ்ச கை. எங்கட ஸ்கூலிலும் அப்பிடி ஒருத்தர் இருந்தவர்.” வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டேன். “ஓம், கனபேருக்குத் தெரியும். அவரே பிரஷாந்தனிட்டச் சொன்னவராம், மகனிட்டச் சொல்லிப் போடாதை, அவன் கவலைப்படுவான் எண்டு” என்றார். பூசைக்குப் பிறகு பேச்சை மாற்றினார்களே, எனக்கு வலிக்கக்கூடாது என்றுதான் மாற்றினார்களாம்.

ஊருக்காக நான் அவருக்குக் கோட்டு போட்டேன். ஊர் எனக்காகப் பேசாமல் இருந்திருக்கிறது. அப்பாவும்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கல்லுக்கு எழுத்து கொடுத்துவிட்டேன். ஆரோக்கியசாமி. பிறந்த வருடம், இறந்த வருடம். அவ்வளவுதான். தொழில் போடவில்லை. கீழே கொஞ்சம் இடம் விடச் சொன்னேன். ப்ரீத்தி, ஒரு மணி படம் வெட்டலாமே என்கிறாள். நீ வந்து பார்த்துச் சொல். ஆயிரம் வருடம் கழித்து உன்னை மாதிரி எவளாவது தோண்டினால் நன்றாகத் திண்டாடுவாள். கோட்டு மக்கியிருக்கும், வெள்ளி கைப்பக்கமும் அம்பர் நெஞ்சுப் பக்கமும் கிடக்கும்.

பூசை பதினொரு மணிக்கு. பிளாக் எடுத்துவிட்டேன்.

அண்ணன்

*

கிளேட்டன்
27 மே 2025

அண்ணே,

ஃபோன் செய்யத்தான் எடுத்தேன். பேச்சு வராது என்று வைத்துவிட்டேன். கோபம் கொஞ்சம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். மார்ச்சிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அதை நீ அந்தப் பாக்கெட்டில் வைத்தபோது என் மேல் உனக்குக் கோபம் இல்லை என்பதும் தெரிகிறது. அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை அந்தக் குதிரைக்காரனின் அறிக்கையைத் திறந்தேன். அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. ‘மனைவியோ மகளோ தன் கையால் வைத்தது’ என்று எழுதியிருந்தேன் இல்லையா? ‘தன் கையால்’ என்பதை அடித்துவிட்டேன். எனக்கு எப்படித் தெரியும்? அவளும் எங்கேயோ தூரத்தில் இருந்திருக்கலாம். வரமாட்டாள் என்று தெரிந்து, அவளுக்காக வேறு யாராவது வைத்திருக்கலாம். கூட வேலை செய்கிறவர்கள் ஆதாரம் கேட்பார்கள். கேட்கட்டும்.

ஜூலை 12 சனிக்கிழமை, காலை ஃபிளைட். டிக்கெட் போட்டுவிட்டேன், படம் எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன், நீ தேதியைப் பார்ப்பாய் என்று தெரியும். நேராகக் கல்லறைக்குப் போகலாம், வீட்டுக்கு அப்புறம் போகலாம். நீ அதற்கு முன்னால் அங்கே போனால் அப்பாவிடம் இன்னொரு தடவை சொல்லிவிடு, ஜெசி ஃபிளைட்டில் வந்துகொண்டிருக்கிறாள் என்று.

ஜெசி